நாலு கதவு வண்டி

ஆவுடையம்மாளுக்கு வருகிற கோபம் சட்டென்று வந்து சட்டென்று போகிற வகை இல்லை. வந்தால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். பேச்சியம்மாள் வண்டியிலிருந்து விழுந்த அன்று வந்த கோபம், பேச்சியின் கையில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் எழுந்து போகவில்லை.

விழுந்தது தோப்பும்படிப் பாலத்தின் இறக்கத்தில். ஆவுடையம்மாளின் கலவை மெஷினைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு வாடகைப் பிக்கப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் டிரைவரும் அவனுடைய கூட்டாளியும் பாட்டுப் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் சரக்கு ஏற்றுகிற இடத்தில், மண்வெட்டி, சட்டி, டீசல் கேன் இவற்றுக்கு நடுவே நாலு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆவுடையம்மாளும் அதில் ஒருத்தி. குறுக்கே யாரோ ஸ்கூட்டரில் வந்தான். டிரைவர் பிரேக்கை மிதித்தான், பின்னால் வந்த மெஷின் தன் கனத்தோடு முட்டித் தள்ளியது. பேச்சி பக்கப் பலகையைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தாள். முன்பல் இரண்டு போயிற்று, மணிக்கட்டு முறிந்தது. பின்னால் வந்த பஸ்காரன் கவனமாக ஓட்டுகிறவனாக இருந்ததால் உயிர் மிஞ்சியது.

டிரைவர் இறங்கி வந்து முதலில் தன் பம்பரைப் பார்த்தான். அப்புறம் கொக்கியைப் பார்த்தான். கடைசியாகத்தான் ரத்தமும் வாயுமாகக் கிடந்த பேச்சியைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "பிடிச்சு நிக்கண்டே சேச்சி?" என்றான். பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாமா என்று அவளையே கேட்டான், படுபாவி.

ஆவுடையம்மாள் அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. தமிழிலும் சொன்னாள், மலையாளத்திலும் சொன்னாள். பாலத்தில் போன வண்டிகள் நின்று கேட்டுவிட்டுப் போயின.

அவள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு மட்டாஞ்சேரிக்கு வந்தவள். புருஷன் கொத்தனார். அவன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் சட்டி சுமந்தாள். சட்டி சுமந்தே மெஷின் வாங்கினாள். இன்றைக்குச் சுள்ளிக்கல்லிலிருந்து பனயப்பள்ளி வரை யார் வீட்டில் மாடி எழுப்பினாலும், தளம் போடுகிற வார்க்கை வேலைக்கு, "ஆவுடைச் சேச்சியை விளி" என்பார்கள். மெஷினை ஓட்ட ராமர் இருக்கிறார். கலவை சுமக்கப் பேச்சி, இசக்கி, பாக்கியலக்ஷ்மி மூன்று பேரும் அவளோடு ஆரம்பத்திலிருந்தே இருப்பவர்கள். மற்ற ஆட்கள் வேலையைப் பொறுத்து வருவார்கள், போவார்கள். முதலாளியம்மா என்று நிழலில் நாற்காலி போட்டு உட்கார ஆவுடையம்மாளுக்குத் தெரியாது. அவளும் சேர்ந்துதான் சுமப்பாள்.

பேச்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே, அங்கே வராந்தாவில் வைத்து, மகன் ஆனந்தகுமாரிடம் சொல்லிவிட்டாள்:

"ஏலே, சிட்டிப் பணம் எடுத்தாச்சும் சொந்தமா ஒரு வண்டி வாங்கிருவோம். இனி எங்கூட வேலைக்கு வாற பொம்பளை ஒருத்தி வண்டிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு வரமாட்டா. சீட்டுல உக்காந்து, கதவைச் சாத்திக்கிட்டு வருவா. மெஷினையும் இழுக்கணும், இவளுகளும் உக்காரணும். அப்படி ஒரு வண்டி பாரு."

ஆனந்தகுமார் யாருடைய காரையோ நாள் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு இது கரும்பு தின்னக் கூலி மாதிரி. "அப்பம் நாலு கதவு பிக்கப்பு தாம்மா வேணும். முன்னாடி ரெண்டு பேரு. பின்சீட்டுல நெருக்கி உக்காந்தா நாலு பேரு. அதுக்கும் பின்னாடி சாமான் போட இடம், மெஷின் மாட்டக் கொக்கி. ரோஜாவும் மாசமாயிருக்கா. பிள்ளை பொறந்தா ஆட்டோவுல வச்சா கூட்டிட்டு வர? நமக்கும் ஆச்சு, வேலைக்கும் ஆச்சு."

இரண்டு பேரும் ஒரே வண்டியைத்தான் கேட்டார்கள். அதனால் வேறு எதையும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

முதலில் கலூருக்குப் போனார்கள். பழைய வண்டி விற்றுக் கொடுக்கும் ரமேஷ்பாபு அங்கே ஒரு தகரக் கொட்டகைக்கு அடியில் பத்துப் பதினைந்து வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். நாலு கதவு வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தும், அவர் காட்டியது இரண்டு கதவு வண்டி. நெஞ்சு நிமிர்த்தி நின்ற வண்டி. எவ்வளவு கனத்தையும் இழுக்கும், அதில் சந்தேகமில்லை.

"கிடு வண்டி சேச்சி! எஞ்சின் கேட்டு நோக்கு. உங்க மெஷின் ஒரு களிப்பாட்டம், விளையாட்டுச் சாமான் போல பின்னால வரும்" என்றார்.

"ஆளு எங்க உக்காரும்?" என்றாள் ஆவுடையம்மாள்.

"முன்னால மோன் ஓட்டும். பக்கத்துல சேச்சிக்கு ராஜா மாதிரி இரிக்கலாம்."

"மத்த ஆளு?"

ரமேஷ்பாபு பின்னால் போய்ச் சரக்கு இடத்தைத் தட்டிக் காட்டினார். "இவிட ஒரு பெஞ்சு வெல்டு செஞ்சா மதி. மேலே ஒரு தார்ப்பாய். மழை நனையாது, வெயில் கொள்ளாது. பணிக்காருக்கு அது போரே?"

பணிக்காரருக்கு அது போதாதா என்று கேட்ட மனிதர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், காற்றாடிக்கு நேர் கீழே குஷன் வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆவுடையம்மாள் அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"நீரு இந்தச் சீட்டை எடுத்துட்டு, அந்தப் பெஞ்சுல ஒருநாள் உக்காந்து கலூருலயிருந்து ஆலுவா வரைக்கும் போயிட்டு வாரும். உம்ம முதுகெலும்பு ஒழுங்கா இருந்துச்சின்னா நான் இந்த வண்டியை வாங்கிக்கிடுதேன்."

"தமாஷ் பறயுன்ன ஆளாணு அம்மா" என்று அவர் ஆனந்தகுமாரைப் பார்த்துச் சிரித்தார். ஆனந்தகுமாரும் ஒப்புக்குச் சிரித்து வைத்தான். சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று ஆவுடையம்மாள் பஸ் ஸ்டாண்டு வரும் வரைக்கும் மகனைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் போனை நோண்டிக்கொண்டே வந்தான்.

அந்தப் போனில்தான் அடுத்த வண்டி இருந்தது. காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவனுடையது. பெயர் சாய்கிருஷ்ணா, சென்னைக்காரன். வெளிநாடு போவதால் வண்டியை விற்கிறான். நாலு கதவு, உயரமான சக்கரம், பின்னால் கொக்கி. சனி ஞாயிறுகளில் கூடாரம் வைத்த குட்டி டிரெய்லர் ஒன்றை மாட்டி வாகமண் மலைக்குப் போய் வருவானாம். விலை போனிலேயே பேசி முடிந்திருந்தது. தமிழ்ப் பையன், நம்ம ஆள், ஏமாற்ற மாட்டான் என்று ஆவுடையம்மாள் சந்தோஷமாகத்தான் கிளம்பினாள். பெட்டியிலிருந்த பச்சைப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மருமகள் ரோஜாவும் வருகிறேன் என்று வந்தாள்.

வண்டி அவன் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே நின்றது. கறுப்பு நிறம். அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். ஆனந்தகுமார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். ரோஜா மெல்லப் பின்கதவைத் திறந்து சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அத்தே, எவ்வளவு மெத்துன்னு இருக்கு பாருங்க" என்று கிசுகிசுத்தாள்.

சாய்கிருஷ்ணா நல்ல பையன்தான். தண்ணீர் பாட்டில் கொடுத்தான், ஆன்ட்டி என்று கூப்பிட்டான். "ஃபேமிலி யூஸுக்கா?" என்று கேட்டான்.

"ஆமாய்யா. வேலைக்கும் தான். கலவை மெஷினு வச்சிருக்கோம். அதை இழுக்கணும்."

"என்ன மெஷின்?"

"சிமிட்டிக் கலவை. வீட்டுக்குத் தளம் போடுதம்லா, அது."

அவன் முகம் மாறியது. வண்டியின் மேல் கையை வைத்தான், யாரோ பிடுங்கிக்கொண்டு போக வந்ததுபோல. "இல்ல ஆன்ட்டி... அதுக்கெல்லாம் இந்த வண்டி செட் ஆகாது."

"ஏன்யா, இழுக்காதா?"

"இழுக்கும். அது இல்ல. நான் இதைக் குழந்தை மாதிரி வச்சிருந்தேன். இதுல லேபர்ஸ் ஏறி இறங்கி, சிமென்ட் எல்லாம் ஒட்டி... எனக்கு மனசு கேக்காது. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு வேற ஏதாவது ரஃப்பான வண்டி கிடைக்கும்."

முழுப் பணம் தருகிறோம் என்று வந்து நிற்கிறவர்களிடம் வண்டியைத் தரமாட்டேன் என்கிறான். எதற்கு? வேலை செய்கிற ஆள் அதில் ஏறுவான் என்பதற்கு. அவன் குடியிருந்த பதினெட்டு மாடிக்கும் யாரோ ஒரு பேச்சி, யாரோ ஓர் இசக்கி கலவை தூக்கியிருப்பாள். அந்தச் சிமென்டுக்குள்தான் அவன் மெத்தை போட்டுத் தூங்குகிறான். அது மட்டும் அவன் மனசுக்குக் கேட்கிறது! ஆவுடையம்மாளுக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது.

"தம்பி, தலைக்கு மேல அண்ணாந்து பாரு. அது என்னது? வானமா? இல்ல, நாங்க ஊத்துன தளம். அதுக்குக் கீழ நின்னுக்கிட்டு எங்களை அழுக்குங்கியா? வச்சிக்கோ. நல்லாத் தொடைச்சு, முத்தம் குடுத்து, நீயே வச்சிக்கோ."

பச்சைப் பட்டு சரசரக்க நடந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் அவள் வாய் ஓயவில்லை. ஆனந்தகுமார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்: "விடும்மா. அவரு சொல்லுததுலயும் ஒரு நியாயம் இருக்குல்லா. அவ்வளவு நல்ல வண்டி."

ஆவுடையம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கிடைக்காமல் போன ஏமாற்றத்தில் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். பெற்றவளுக்கு அப்படித்தான் நினைக்க வரும்.

மூன்றாவது வண்டி வெலிங்டன் தீவில் கிடைத்தது. விஸ்வேஸ்வரன் என்று ஒரு பெரியவர், பாலக்காட்டுத் தமிழர், துறைமுகத்தில் வெல்டிங் வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்தவர். தொழிலை மூடிவிட்டார். அவருடைய சாம்பல் நிற நாலு கதவு வண்டி ஒரு கிடங்கின் ஓரத்தில் நின்றது. பார்வைக்கு ஒன்றும் விசேஷமில்லை. ஆனால் வருஷக்கணக்காக அது ஒரு கனத்த ஜெனரேட்டரைப் பின்னால் இழுத்திருந்தது, ஐந்து ஆட்களையும் உள்ளே ஏற்றியிருந்தது.

"மெஷினைக் கட்டிப் பாக்கணுமே சாமி" என்று ஆவுடையம்மாள் தயங்கிக் கேட்டாள். முந்தின அனுபவம் அப்படி.

"தாராளமாக் கட்டிப் பாருங்கோ. கட்டிப் பாக்காம எப்படி வாங்குவேள்? சாயா குடிச்சுட்டு நிதானமா ஓட்டிப் பாருங்கோ" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்கே அவரைக் கும்பிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ராமர் ஒரு வண்டி பிடித்து மெஷினைத் தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சாம்பல் வண்டியில் அதை மாட்டினார்கள். ஆனந்தகுமார் ஓட்டினான், பக்கத்தில் ராமர், பின்சீட்டில் ஆவுடையம்மாளும் இசக்கியும். பாலத்தின் ஏற்றத்தில் நடுவழியில் நிறுத்தி, மறுபடி எடுக்கச் சொன்னாள். வண்டி ஒரு முனகலோடு எடுத்தது, பின்னால் நழுவவில்லை. இறக்கத்தில் பிரேக் போடச் சொன்னாள். பேச்சி விழுந்த அதே இறக்கம். மெஷின் முட்டத்தான் செய்தது. ஆனால் இசக்கி முன்சீட்டின் முதுகில் கை ஊன்றியதோடு சரி. அவளைச் சுற்றிக் கதவு இருந்தது, தகரம் இருந்தது, எங்கே போய் விழ?

"இதான்லே வண்டி" என்றாள் ஆவுடையம்மாள்.

ஆனந்தகுமாருக்கு முகம் விழுந்துவிட்டது. சீட்டெல்லாம் கிழிந்து பஞ்சு தள்ளிக் கிடந்தது. கதவின் உட்புறம் முழுக்கக் கிரீஸ் கறை. "இதுல ரோஜாவை எப்படிம்மா ஏத்துறது?" என்றான். பிறகு அவனே தேறிக்கொண்டு, "சீட்டெல்லாம் மாத்திட்டாப் போதும். நான் பாத்துக்கிடுதேன். நீ சரின்னு மட்டும் சொல்லு" என்றான்.

"மாத்து. நல்லதாவே போடு. நாள்பூரா உடம்பை முறிச்சிட்டு வாறவளுகளுக்குக் கொஞ்சம் மெத்துன்னு இருக்கட்டும்."

அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை அவள் நம்பினாள்.

அடுத்த வாரம் முழுக்க வண்டி கருவேலிப்படியில் வண்டிச் சீட்டுத் தைக்கிற ஒரு கடையில் கிடந்தது. திரும்பி வந்தபோது உள்ளே அப்படியே பாலில் தோய்த்து எடுத்தது போலிருந்தது. வெண்ணெய் நிறத்தில் சீட்டு, அதற்குச் சிவப்பு நூல் தையல், காலுக்குக் கீழே கம்பளம். ரோஜா தேர்ந்தெடுத்த நிறமாம். ஆவுடையம்மாள் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். "நம்ம பொம்பளைங்க உக்காருறதுக்கு எம்மவன் போட்டிருக்கதைப் பாருங்க!" பின்னால் சரக்கு இடத்தைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் புதிதாக இரும்புக் குழாய் வைத்து அடித்திருந்தது. பலகை சரியாமல் இருக்க வைத்திருக்கிறான், பொறுப்பு வந்துவிட்டது பையனுக்கு என்று அதையும் மெச்சினாள்.

முதல் வேலை தோப்பும்படிக்கு அப்பால் ஒரு வீட்டு மாடி. மாவுக்கட்டுப் பிரித்த பேச்சி, கனம் தூக்க மாட்டாள் என்றாலும், தண்ணீர் ஊற்றவாவது வருகிறேன் என்று வந்தாள். விடிகாலையில் நாலு பெண்களும் குளித்து, தலை சீவி, வெளுத்த சேலையில் பின்சீட்டில் ஏறினார்கள். பேச்சி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். "எக்கா, கலியாணத்துக்குப் போறாப்புல இருக்கு" என்று பல் போன வாயால் சிரித்தாள். பாக்கியலக்ஷ்மி சாய்ந்த இடத்திலேயே கண் அசந்துவிட்டாள். ஆவுடையம்மாளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. முன்னாலிருந்த மகனின் பிடரியைப் பார்த்தபோது, எனக்குப் பிறந்ததும் ஒழுங்காகத்தான் பிறந்திருக்கிறது என்று நினைத்தாள்.

வேலை நல்லபடியாக முடிந்தது. மழை வரும் வரும் என்று பயமுறுத்திவிட்டு வரவில்லை. வார்க்கை முடிந்தால் வேலை செய்தவர்களுக்கு வீட்டுக்காரர் பிரியாணி போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். வயிறு நிறையப் போட்டார்கள். பொழுது சாய, மெஷினைக் கழுவுகிற வேலையை எப்போதும்போல ஆவுடையம்மாள் எடுத்துக்கொண்டாள். அந்த வேலையை அவள் வேறு யாரிடமும் விடமாட்டாள். டிரம்முக்குள் ஒட்டியிருந்த கலவையைச் சுரண்டித் தண்ணீர் அடித்து முடித்தபோது, முழங்கை வரைக்கும் அவளுக்குச் சிமென்ட். கை கழுவக் குழாயை நோக்கி நடந்தவள், வண்டி நின்ற பக்கம் எதேச்சையாகப் பார்த்தாள்.

இசக்கியும் பாக்கியலக்ஷ்மியும் சரக்கு இடத்தில் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். பேச்சி டயரின் மேல் ஒரு காலை வைத்து, புதுக் குழாயைப் பிடித்து ஏறப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறிந்து கூடிய கையில் அவளுக்கு இன்னும் பிடிமானம் வரவில்லை. ஒற்றைக் கையால் எக்கினாள், வழுக்கினாள், மறுபடி எக்கினாள். ராமர் மேலேயிருந்து கை நீட்டிக்கொண்டிருந்தார். வண்டியின் பின்கதவு சாத்தியிருந்தது. அதில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றுகொண்டு, ஆனந்தகுமார் சொன்னான்:

"பாத்து சித்தி. கம்பி போட்டிருக்கேன்ல? பிடிச்சு நின்னாப் போதும்."

ஆவுடையம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, அந்தக் குழாய் எதற்கு அடித்தது என்பதும் சேர்த்து விளங்கியது. பலகைக்கு இல்லை. இவர்களுக்கு. சீட்டுக் கடைக்காரனிடம் நிறம் பார்த்துச் சொன்ன அன்றைக்கே, இவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்றும் அவன் முடிவு செய்திருக்கிறான்.

"ஏலே, அவளுக எதுக்குப் பின்னாடி ஏறுதாளுக?"

"யம்மா, சத்தம் போடாத. வீட்டுக்காரரு நிக்காரு" என்று அவன் குரலைத் தாழ்த்தினான். "காலையில சுத்தமா இருந்தாங்க, உள்ளதான ஏத்துனேன்? இப்பம் பாரு, உடம்பெல்லாம் சிமென்டு. வெள்ளச் சீட்டும்மா, ஒட்டுனாப் போகாது. நாளைக்கு ரோஜாவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போணும். நீ முன்னாடி வா, உனக்குத் துண்டு விரிச்சி வச்சிருக்கேன்."

"எனக்குத் துண்டு. அவளுகளுக்குக் கம்பி."

"நீ அம்மால்லா."

"அவ யாரு? சித்திங்கியே, வாய் நெறைய!"

"சித்திதான். இல்லங்கலியே. ஆனா வேலைக்கு வந்தவங்க வேற, நம்ம வீட்டு ஆளு வேறல்லா? சின்ன வயசுலயிருந்து என்னை எல்லாரும் தமிழன்னு எளக்காரமா பாண்டி பாண்டின்னுதான் பாத்தானுவ. உன் சிமென்டுச் சேலையைப் பாத்துச் சிரிச்சானுவ. என் பிள்ளையாவது ஒரு சுத்தமான வண்டியில போவட்டும்னு நெனைச்சேன். அது ஒரு குத்தமா?"

அவன் கண் கலங்கித்தான் பேசினான். ஆவுடையம்மாளுக்கும் அது தைத்தது, தைக்காமலா? அவனைப் பார்த்துச் சிரித்தவர்களை எல்லாம் இன்றைக்கும் அவளுக்குப் பேர் பேராகத் தெரியும். ஆனால் யாரோ சிரித்ததற்குப் பேச்சி ஏன் டயரில் தொங்க வேண்டும்? காக்கநாட்டுக்காரன் மூஞ்சியில் அடித்தபோதாவது, நீயே வச்சிக்கோ என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க முடிந்தது. இவனை விட்டு எங்கே திரும்பி நடப்பது? பத்து மாதம் சுமந்து பெற்று, மணல் குவியல் மேல் தூங்கவைத்து, இந்தப் பேச்சியை ஈ ஓட்டச் சொல்லி வளர்த்த பிள்ளையல்லவா! அந்த டிரைவரிடம் கேட்ட வார்த்தையை இவன் வாயிலிருந்தும் கேட்க வேண்டியதாகிவிட்டதே!

"தள்ளுலே."

"யம்மா..."

"கதவை விட்டுத் தள்ளுலே நாயே!"

வீட்டுக்காரர், அவர் மனைவி, பக்கத்து மதிலில் எட்டிப் பார்த்தவர்கள், எல்லாரும் கேட்டார்கள். அவன் தள்ளி நின்றான். ஆவுடையம்மாள் பின்கதவை விரியத் திறந்தாள். ஈரம் காயாத சிமென்ட் கை இரண்டையும் அந்த வெண்ணெய் நிறச் சீட்டில் வைத்து அழுத்தினாள். அழுத்தி, கொத்தனார் சுவர் பூசுவதுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தாள். சாய்மானத்திலும் இழுத்தாள். சிவப்புத் தையலெல்லாம் சாம்பலாயிற்று.

"யம்மா! புதுச் சீட்டு!"

"இப்பம் பழசாயிட்டு. ஏறுங்கட்டீ!"

யாரும் அசையவில்லை. இசக்கி ராமரைப் பார்த்தாள், ராமர் தன் காலைப் பார்த்தார். "இறங்குங்கங்கேன்!" என்று ஆவுடையம்மாள் இரண்டாம் தடவை கத்திய பிறகு, ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ராமரை முன்னால் அந்தத் துண்டின் மேல் உட்காரவைத்தாள். பேச்சியின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளி, பக்கத்தில் தானும் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். ஆனந்தகுமார் வண்டியை எடுத்தான். பின்னால் மெஷின் கடகடவென்று வந்தது.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் அவள் நினைத்தாள். அப்புறம் பக்கத்தில் பார்த்தாள். பேச்சி சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டையும் ஒடுக்கி, சேலையை இழுத்து மடிக்குள் செருகி, முதுகு எங்கேயும் படாமல் விறைத்துக்கொண்டு. அந்தப் பக்கம் பாக்கியலக்ஷ்மியும் அப்படியே, இசக்கியும் அப்படியே. காலையில் கலியாணத்துக்குப் போகிற மாதிரி வந்தவர்கள்தான் இவர்கள்.

"நல்லா உக்காருட்டி" என்றாள் ஆவுடையம்மாள்.

"இருக்கட்டும்க்கா. இதுவே போதும்" என்றாள் பேச்சி. பிறகு, முன்னால் இருப்பவனுக்குக் கேட்காமல், "தம்பி சொல்லுததும் சரிதானக்கா. புது வண்டில்லா" என்றாள்.

பாலத்தில் ஏறி இறங்கி மட்டாஞ்சேரி வரும்வரை அவள் சாயவில்லை. தன் சந்து வந்ததும் பதனமாகக் கதவைத் திறந்து இறங்கினாள். இறங்கியவள் போகவில்லை. திரும்பிக் குனிந்து, முந்தானையை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த அந்தச் சாண் அளவு இடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். நல்ல கையால் துடைத்தாள். அழுக்கு போகாமல் இன்னும் பரவியது. "போவ மாட்டக்குதே தம்பி" என்று பயந்துபோய் ஆனந்தகுமாரைப் பார்த்தாள்.

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆவுடையம்மாள் பேச்சியைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். வசவு எதுவும் வரவில்லை. அழுகைதான் வந்தது.